வளாகத்தில் ஆபத்து என்றால் பொத்தானை அழுத்துவது யார்?

பிள்ளையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும்போது நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்? ரேங்க் என்ன, ஃபீஸ் எவ்வளவு, ஸ்காலர்ஷிப் உண்டா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று ஆரம்பித்து, பக்கத்தில் இந்திய மளிகைக் கடை இருக்கிறதா என்பது வரைக்கும் கேட்டுவிடுகிறோம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. வளாகத்தில் ஆபத்து என்றால் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்வார்கள், எத்தனை நிமிடத்தில் சொல்வார்கள்?

இந்தக் கேள்வியை அமெரிக்கா முழுக்கக் கேட்கவைத்த சம்பவத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரும் உயிரிழந்தார். பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பகுதியைச் சேர்ந்தவர். கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி, கான்பூர் ஐஐடி, பர்டூ பல்கலைக்கழகம் என்று படித்து, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சுமார் 25 ஆண்டுகள் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் கட்டடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 53. அன்று அந்த வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். எங்கள் வயது இன்ஜினியரிங்காரர்களுக்கு அந்தப் பேப்பர் செய்தி இன்னும் ஞாபகம் இருக்கும்.

இரண்டு மணி நேரம்

அன்றைய காலை நேரக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். காலை 7:15 மணி வாக்கில் ஒரு மாணவர் விடுதியில் இரண்டு பேர் சுடப்படுகிறார்கள். இது காதல் தகராறாக இருக்கலாம், சுட்டவன் வளாகத்தை விட்டே போயிருப்பான் என்று போலீஸ் நினைக்கிறது. 8:30 மணியை ஒட்டிப் பல்கலைக்கழகத் தலைமை கூடிப் பேசுகிறது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போவது 9:26 மணிக்கு. 9:40 மணியளவில் அதே கொலையாளி நாரிஸ் ஹாலுக்குள் சுட ஆரம்பிக்கிறான். உள்ளே நுழைந்ததும் வெளிவாசல் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான்.

விடுதிக்கும் நாரிஸ் ஹாலுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி. செய்தி முன்பே போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்று வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு எடுக்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆளுநர் நியமித்த விசாரணைக் குழு தாமதத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. 2009இல் திருத்தி வெளியிட்ட அறிக்கையில் இன்னொன்றும் வந்தது. பொது அறிவிப்புக்கு வெகு முன்பே, பல்கலைக்கழகப் பணியாளர்கள் ஒரு சிலர் தங்கள் வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்களாம். சொல்ல வேண்டிய செய்தி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்குத்தான் சொல்லவில்லை.

பிரச்சினை டெக்னாலஜி இல்லை

நான் ஐடி துறையில் இருப்பவன். இந்த அறிக்கையைப் படித்தபோது என் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். அன்று வளாகப் போலீஸாரால் தாங்களாகவே மாணவர்களுக்கு அவசரச் செய்தி அனுப்ப முடியாது. தலைமைக் குழு கூட வேண்டும், வாசகம் தயாராக வேண்டும், அதன் பிறகே அனுப்ப முடியும். ஈமெயில் சர்வர் நன்றாகத்தான் இருந்தது. அனுப்பும் அதிகாரம்தான் சம்பவ இடத்தில் இல்லை.

எங்கள் வேலையில் ராத்திரி 2 மணிக்கு சிஸ்டம் படுத்துவிட்டால், அன்று டியூட்டியில் இருக்கும் ஜூனியர் பையனே எல்லோருக்கும் அறிவிப்பு போட்டுவிடலாம். மேனேஜரை எழுப்பி அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகலாம், விழுந்துவிட்டது என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். பணம் நஷ்டமாகும் விஷயத்துக்கே இந்த ஏற்பாடு இருக்கிறது என்றால், உயிர் போகும் விஷயத்துக்கு இருக்க வேண்டாமா?

அமெரிக்கச் சட்டமும் பிறகு அந்தப் பக்கம்தான் நகர்ந்தது. 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் கொல்லப்பட்ட ஜீன் கிளெரி என்ற மாணவியின் பெயரால் வழங்கும் கிளெரி சட்டம் 1990இல் வந்தது. வளாகக் குற்றங்களை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. வர்ஜீனியா டெக் சம்பவத்துக்குப் பிறகு, 2008இல், ஆபத்து உறுதியானதும் தாமதிக்காமல் வளாகத்துக்கு அறிவிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்தன.

தண்டனை என்னவோ பெரிதாக இல்லை. வர்ஜீனியா டெக்குக்கு மத்தியக் கல்வித் துறை விதித்த அபராதம் 55,000 டாலர். மேல்முறையீடு எல்லாம் முடிந்து 2014இல் கட்டியது 32,500 டாலர். இரண்டு மாணவிகளின் பெற்றோர் தொடுத்த வழக்கில் 2012இல் ஜூரி பல்கலைக்கழகத்தின் அலட்சியம்தான் என்றது. அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

வேகம் போதுமா?

2016 நவம்பரில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒருவர் கூட்டத்தின் மீது காரை ஏற்றி, இறங்கிக் கத்தியால் குத்தினார். அங்கிருந்த போலீஸ்காரர் உடனே அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டார். சில நிமிடங்களில் மாணவர்களின் போனுக்குச் செய்தி வந்தது: துப்பாக்கிதாரி வளாகத்தில், ஓடுங்கள், ஒளியுங்கள், வேறு வழியில்லை என்றால் எதிர்த்து நில்லுங்கள் என்று. தாக்கியவர் கையில் துப்பாக்கியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. செய்தியில் பிழை இருந்தது உண்மை. ஆனாலும் வகுப்பறைக்குள் கதவை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் பெற்றோராக என்னைக் கேட்டால், இரண்டு மணி நேரம் கழித்து வரும் சுத்தமான செய்தியைவிட, மூன்று நிமிடத்தில் வந்து பிறகு திருத்தப்படும் செய்தியே மேல் என்பேன்.

எதிர்வாதமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வில்லனோவா உட்படச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்று போலி அழைப்புகள் வந்தன. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இப்படியே போனால் அடுத்த முறை யார் நம்புவார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு மருந்து மௌனம் இல்லை. "எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, உறுதியாகாதது இது, அடுத்த செய்தி 15 நிமிடத்தில்" என்று சொல்லிவிட்டால் பாதிப் பீதி அடங்கிவிடும்.

வாசகமும் முக்கியம். வர்ஜீனியா டெக்கின் முதல் மின்னஞ்சல், விடுதியில் துப்பாக்கிச் சம்பவம் நடந்தது, போலீஸ் விசாரிக்கிறது என்ற அளவில்தான் இருந்தது. கொலை நடந்தது, கொலையாளி பிடிபடவில்லை என்ற இரண்டும் அதில் இல்லை. வெளியே வராதீர்கள், ஜன்னல் பக்கம் போகாதீர்கள் என்று சொன்ன இரண்டாவது மின்னஞ்சல் வந்தபோது நாரிஸ் ஹாலில் எல்லாம் முடியும் நேரம்.

செய்தி மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஜூனில் யுசிஎல்ஏவில் ஒரு பேராசிரியர் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருங்கள் என்று தகவல் வந்தது. பல வகுப்பறைகளின் கதவுகளை உள்ளிருந்து பூட்டவே முடியவில்லை. மாணவர்கள் பெல்ட்டையும் வயரையும் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

கனடாவில் நம் பிள்ளைகள் நிறையப் படிக்கும் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், 2023 ஜூனில் வகுப்பறைக்குள் கத்திக்குத்து நடந்தபோதும், அறிவிப்பு தாமதமாக வந்தது என்று மாணவர்கள் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். 2007இல் கற்ற பாடத்தை ஒவ்வொரு வளாகமும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில்

என் அக்கா மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறாள். ஒரு நாள் அங்கே இப்படித்தான் ஒரு வதந்தி கிளம்பி வளாகத்தை மூடினார்கள். எல்லோருக்கும் எஸ்எம்எஸ் வந்தது, அவளுக்கு வரவில்லை. விண்ணப்பிக்கும்போது கொடுத்த இந்திய நம்பரே பதிவில் இருந்தது. வந்து இறங்கியதும் சிம் மாற்றிவிட்டாள், பதிவை மாற்றச் சொல்லி அலுவலகத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. ஈரோட்டில் அக்காவுக்கோ வாட்ஸ்அப்பில் நாலு விதமாகச் செய்தி வந்துவிட்டது. "டேய், பாப்பா போனை எடுக்க மாட்டேங்கிறாடா" என்று அவர் என்னை அழைத்தபோது அவள் நூலகத்தில் போனை சைலண்டில் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

அதனால் சில விஷயங்களை இன்றே செய்துவிடுங்கள். பிள்ளையின் இப்போதைய உள்ளூர் நம்பர் அவசர அறிவிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர் நம்பரையும் சேர்க்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்கா என்றால், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக்டோபர் 1க்குள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவசர அறிவிப்பை முடிவு செய்யும் பொறுப்பு எந்தப் பதவிகளில் இருப்பவர்களுடையது என்று அதில் போட்டிருக்க வேண்டும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் மாணவர் சேர்க்கை நாளிலேயே நேராகக் கேளுங்கள்: "ராத்திரி 2 மணிக்கு ஆபத்து என்றால், பணியில் இருக்கும் காவலர் யாரிடமும் கேட்காமல் செய்தி அனுப்பலாமா?"

வீட்டிலும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஆபத்து நேரத்தில் நாம் போன் அடித்துக்கொண்டே இருந்தால், ஒளிந்திருக்கும் பிள்ளையின் போன் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளையே ஒரு வரி மெசேஜ் போடட்டும், அதை வீட்டில் ஒருவர் மற்ற எல்லோருக்கும் சொல்லட்டும்.

லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிறோம். இந்த ஒரு கேள்வியைக் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது. பதில் சொல்லத் தடுமாறும் அலுவலகத்தில் இன்னொரு முறை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் அங்கேயும் யாராவது ஒருவர் பதிலைத் தேட ஆரம்பிப்பார்.