வெற்றுரைக் குறிப்பு வலைப்பக்கமாதல்

தொண்ணூறுகளில் தமிழில் தட்டச்சு செய்யப்பெற்ற ஆய்வுக் குறிப்புகள் பல, அவற்றுக்குரிய எழுத்துரு கிடைக்காமையால் இன்று பொருளற்ற குறிகளாகத் திரையில் தோன்றுகின்றன. ஒவ்வோர் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தன் போக்கில் எண் வழங்கியதே இதற்குக் காரணம். உழைத்துத் தொகுத்தவை ஒரு மென்பொருளோடு மறையாதிருக்க வேண்டுமாயின், யூனிகோடு முறையில் அமைந்த வெற்றுரைக் கோப்பே தக்க வழியாகும். அவ்வாறு எழுதிய குறிப்பை வலைப்பக்கமாக்குவது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

இதற்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்று ஆர்க் மோட். ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியினுள் இயங்கும் இதனை, 2003-ஆம் ஆண்டில் கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியல் அறிஞர் உருவாக்கினார். வரியின் தொடக்கத்தில் ஒரு விண்மீன் குறியிட்டு இடைவெளி விட்டால் அது பெருந்தலைப்பு. இரண்டு இட்டால் உட்தலைப்பு. மூன்று இட்டால் அதனினும் உள்ளே. கற்க வேண்டிய இலக்கணம் ஏறத்தாழ இவ்வளவே.

வலைப்பக்கமோ வேறு ஒழுங்கு உடையது. திறந்த குறிச்சொல் ஒவ்வொன்றும் மூடப்பெறல் வேண்டும்; பின்னர்த் திறந்தது முன்னர் மூடப்பெறல் வேண்டும். பேழைக்குள் பேழை வைப்பது போன்றது இது. 1998-இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். விதிகளும், அவற்றைத் தழுவி 2000-இல் வந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். விதிகளும் இதில் கண்டிப்பானவை. உலாவிகள் சாதாரண வலைப்பக்கத்தின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இ-பப் மின்னூலுக்குச் செல்லும் பக்கம் அவ்வாறன்று; மூடாத ஒரு குறிச்சொல்லால் ஓர் இயல் முழுதும் திறவாது போகலாம்.

'சங்க இலக்கியம்' என்பதற்கு ஒரு விண்மீன், 'எட்டுத்தொகை' என்பதற்கு இரண்டு, 'குறுந்தொகை' என்பதற்கு மூன்று எனக் கொள்வோம். அடுத்து இரண்டு விண்மீனுடன் 'பத்துப்பாட்டு' வருகிறது. மாற்றும் நிரல் உடனே அதனைத் திறப்பதில்லை. முதலில் குறுந்தொகைப் பகுதியை மூடுகிறது. பிறகு எட்டுத்தொகையை மூடுகிறது. அதன் பின்னரே பத்துப்பாட்டைத் திறக்கிறது. சங்க இலக்கியம் இன்னும் திறந்தே இருக்கும். கோப்பின் முடிவில் அதுவும் மூடப்பெறும். எழுதுபவர் மூடும் குறி எதனையும் இடவில்லை என்பது நோக்கத்தக்கது. விண்மீன்களின் எண்ணிக்கை ஒன்றே நிரலுக்குப் போதுமானது. உரையில் வரும் '<', '&' போன்ற குறிகளுக்கும் உரிய மாற்றுக்குறிகளை அதுவே இட்டுவிடும்.

ஆவணத்தின் தலைப்பு முதல்நிலைத் தலைப்பாவதால், ஒற்றை விண்மீன் பக்கத்தில் இரண்டாம்நிலையாகிறது. இயல்பான அமைப்பில் மூன்று அடுக்குகளே தலைப்பாகும். நான்காவது முதலானவை பட்டியல் உருப்படிகளாகிவிடும். இது பிழையன்று, அடுக்கின் எண்ணிக்கையைக் கோப்பின் தலையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தலைப்புகளுக்கு நிரல் தானே இடும் அடையாளப் பெயர் ஒவ்வோர் ஏற்றுமதியிலும் மாறக்கூடும். நேற்று ஒருவர் அப்பகுதிக்குக் கொடுத்த இணைப்பு இன்று பக்கத்தின் தொடக்கத்தில் விட்டுவிடும். பிறர் மேற்கோளாகக் காட்டக்கூடிய தலைப்புகளுக்கேனும் நிலையான பெயரை நாமே இட்டு வைத்தல் நன்று.

தமிழில் எழுதுவோருக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ஒரு சொல்லின் இருபுறமும் விண்மீன் இட்டால் அது தடித்த எழுத்தாகும். ஆனால் மூடும் விண்மீனை அடுத்து இடைவெளியோ நிறுத்தற்குறியோ வருதல் வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்திற்கு இஃது ஒத்து வரும். உருபு ஒட்டி வரும் நம் மொழிக்கு ஒவ்வாது. 'குறிஞ்சி' என்பதை மட்டும் விண்மீன்களுக்குள் அடக்கி, 'யில்' என ஒட்டி எழுதினால், விண்மீன்கள் அப்படியே பக்கத்தில் அச்சாகும். இடையே அகலமில்லா இடைவெளி என்னும் கண்ணுக்குப் புலனாகாத எழுத்தை இடுமாறு ஆர்க் மோடின் கையேடு வழி கூறுகிறது. ஆயினும் அவ்வெழுத்து பக்கத்திலும் தங்கிவிடுவதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் நிரலுக்கு 'குறிஞ்சியில்' என்னும் சொல் அகப்படாது. உருபோடு சேர்த்துச் சொல் முழுவதையும் தடிப்பாக்கிவிடுவதே எளிது, தேடலும் கெடாது.