அண்டங்காக்கை சொன்ன ஒரே சொல்

நடுநிசி. டிசம்பர் மாதக் குளிர். கணப்பில் நெருப்பு அணைந்து வருகிறது. இறந்துபோன காதலி லெனோரை மறக்க முயன்று, ஒருவன் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.

கதவைத் தட்டும் ஓசை! திறந்து பார்க்கிறான். இருட்டைத் தவிர எதுவும் இல்லை. ஜன்னலைத் திறக்கிறான். அண்டங்காக்கை ஒன்று உள்ளே வந்து, கதவுக்கு மேலிருந்த சிலையின் தலையில் உட்காருகிறது.

அமெரிக்கக் கவிஞர் எட்கார் ஆலன் போ எழுதிய ‘அண்டங்காக்கை’ கவிதை இது. 108 வரிகள். 1845 ஜனவரி 29-ந் தேதி நியூயார்க்கின் ‘ஈவினிங் மிர்ரர்’ பத்திரிகையில் வெளிவந்தது. கவிஞரின் புகழ் நாடெங்கும் பரவியது.

பேயா, பறவையா?

அந்தப் பறவைக்குத் தெரிந்தது ஒரே சொல். ‘இனி இல்லை’ என்பது அதன் பொருள்.

முதலில் அவன் வேடிக்கையாகப் பெயர் கேட்கிறான். அதே சொல் வருகிறது. பழைய எஜமானிடம் கற்றதாக இருக்கும் என்று புரிந்தும்கொள்கிறான். ஆனாலும் விடவில்லை. என் துயரத்துக்கு மருந்து உண்டா? மறு உலகில் லெனோரைக் காண்பேனா? விடை என்னவென்று தெரிந்தே கேட்கிறான்!

பயங்கரம் காக்கையிடம் இல்லை. அவன் கேள்வியில் இருக்கிறது. துக்கம் கொண்டவன் தன் புண்ணைத் தானே கீறிப் பார்க்கிறான்.

கிளி காக்கையானது

கணக்குப் போடுவதுபோலத் திட்டமிட்டே இதை எழுதியதாக 1846-ல் போ ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் கிளியைத்தான் நினைத்தாராம். கிளியும் பேசும், ஆனால் சோகத்துக்குப் பொருந்தாது என்று காக்கையைத் தேர்ந்தாராம்.

ஆனால் அவர் வீட்டு நிலைமை என்ன? மனைவி வர்ஜீனியா, அவருடைய அத்தை மகள். 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்தபோது அவள் வாயிலிருந்து இரத்தம் வந்தது. க்ஷயரோகம். உடம்பு சற்றுத் தேறினால் நம்பிக்கை. மறுபடி இரத்தம் கண்டால் நடுக்கம். ‘பிழைப்பாளா?’ என்ற கேள்வியோடு வாழ்ந்த நாட்களில்தான் கவிதை பிறந்தது.

1847 ஜனவரி 30-ந் தேதி வர்ஜீனியா இறந்தாள். வயது 24. கவிதை வெளிவந்து இரண்டு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தன. 1849 அக்டோபரில், 40-வது வயதில், போவும் மறைந்தார்.

கவிதையின் முடிவில் பொழுது விடியவில்லை. காக்கை பறந்து போகவும் இல்லை. அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.