போர் என்று சொல்ல மறுத்த போர்

ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த அல்ஜீரிய விடுதலைப் போரை, போர் என்று சட்டப்படி ஏற்றுக்கொள்ள பிரான்ஸுக்கு 1999 வரை காலம் பிடித்தது. அதுவரை அரசின் மொழியில் அது ‘ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை’தான். இந்த மறுப்பு ஏன் என்று பார்த்தால் போரின் காரணமும் புரியும்.

1830இல் அல்ஜீரியா மீது படையெடுத்த பிரான்ஸ், 1848இல் அதைத் தன் நாட்டின் ஒரு பகுதியாகவே அறிவித்தது. சொந்த நாட்டுக்குள் எப்படிப் போர் நடக்கும் என்பது பாரிஸின் வாதம். ஆனால் அந்த நாட்டில் அல்ஜீரியர்களுக்குச் சம உரிமை இருக்கவில்லை. வளமான காணிகள் ஐரோப்பியக் குடியேற்றவாசிகளின் கைக்குப் போயின. 1947இல் உருவான அல்ஜீரிய மன்றத்தில், சுமார் பத்து இலட்சம் ஐரோப்பியர் பெரும்பான்மையாக இருந்த வாக்காளர் பிரிவுக்கு 60 இடங்கள். சுமார் எண்பது இலட்சம் முஸ்லிம்களுக்கும் அதே 60 இடங்கள். மறு ஆண்டுத் தேர்தலில் நிர்வாகமே மோசடி செய்தது.

அதற்கு முன்பே நம்பிக்கை உடைந்திருந்தது. 1945 மே 8, நாஸி ஜெர்மனியின் தோல்வியை ஐரோப்பா கொண்டாடிய நாளில், செத்திஃப் நகரில் அல்ஜீரியக் கொடியுடன் ஊர்வலம் சென்றவர்கள் மீது பொலிஸார் சுட்டனர். தொடர்ந்த வன்முறையில் சுமார் நூறு ஐரோப்பியரும், பதிலடியில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியரும் கொல்லப்பட்டனர். 1954 நவம்பர் 1இல் தேசிய விடுதலை முன்னணி ஆயுதம் ஏந்தியது.

போர் இல்லையென்றால் போர்க் கைதியும் இல்லை. பிடிபட்ட போராளிகள் குற்றவாளிகளாகக் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டனர். சித்திரவதை வழக்கமானது. சுமார் இருபது இலட்சம் கிராமத்தவர்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸில் ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் பொலிஸார் கொன்றனர்; சிலர் சென் நதியில் வீசப்பட்டனர். நம்மவர்கள் பலர் கடந்துபோகும் சென் மிஷேல் பாலத்தருகே அதற்கான நினைவுப் பலகை 2001இல்தான் வந்தது.

1962 ஜூலை 5இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. இலட்சக்கணக்கான ஐரோப்பியர் வெளியேறினர். பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்ற அல்ஜீரியர் பலர் கைவிடப்பட்டு, பழிவாங்கலில் கொல்லப்பட்டனர். விடுதலை முன்னணி 1989 வரை ஒரே கட்சியாக ஆண்டது.

விடுதலையை ஆதரித்த கணிதவியலாளர் மொரிஸ் ஓடன், 1957இல் அல்ஜியர்ஸில் இராணுவத்தால் கைதானார். தப்பி ஓடிவிட்டார் என்றது அரசு. மனைவி ஜொசெத் உண்மையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் நம் தாய்மாருக்கு இது தெரிந்த கதை. அவர் சித்திரவதைக்குப் பின் இராணுவத்தினர் கையிலேயே இறந்தார் என்று 61 ஆண்டுகள் கழித்து, 2018இல், ஜனாதிபதி மக்ரோன் ஜொசெத்தின் வீட்டுக்கே போய் ஒப்புக்கொண்டார். உடல் இன்னும் கிடைக்கவில்லை.