டப்ளினில் பாதி, பினாங்கில் பாதி: ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தால் நோயாளியிடம் எந்த மொழியில் பேசுவது?

ஜார்ஜ்டவுன்: பினாங்கு மருத்துவமனையை ஒட்டிய சிப்பாய் லைன்ஸ் சாலையில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1996-இல் தொடங்கியபோது அதற்குப் பினாங்கு மருத்துவக் கல்லூரி என்று பெயர். 2018 முதல் ஆர்சிஎஸ்ஐ-யுசிடி மலேசிய வளாகம் என்று மாறிவிட்டது. எஸ்பிஎம் முடிவு வெளியானதும், "பினாங்கில் இருந்துகொண்டே அயர்லாந்து டாக்டர் பட்டம் வாங்கலாமாமே, உண்மையா?" என்று விசாரிக்கிற பெற்றோர்கள் நம்மிடையே உண்டு.

பாதி உண்மை. ஐந்தாண்டுப் படிப்பில் முதல் இரண்டரை ஆண்டுகள் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் நடக்கும். உடற்கூறு, உடலியங்கியல் போன்ற அடிப்படைப் பாடங்கள் அங்கே. அடுத்த இரண்டரை ஆண்டுகள் பினாங்கில், வார்டில் நோயாளியைப் பார்த்துக் கற்கும் பயிற்சி. பட்டத்தை அயர்லாந்துத் தேசியப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. எம்.பி., பி.சிஎச்., பி.ஏ.ஓ. என்று மூன்று பட்டங்கள் சேர்ந்து வரும்: மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு. நம் ஊர் கிளினிக் பெயர்ப்பலகையில் பி.ஏ.ஓ. என்று கண்டால் அந்த டாக்டர் ஐரிஷ் பட்டதாரி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

டப்ளினில் இரண்டு கல்விக்கூடங்கள் இதில் கூட்டு. ஒன்று, அயர்லாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரி. 1784-இல் தொடங்கியது, பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய 1786-ஐவிட இரண்டு வயது மூத்தது. 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது கிளர்ச்சியாளர்கள் அதன் கட்டடத்தைக் கைப்பற்றிச் சண்டையிட்டார்கள். முகப்புத் தூண்களில் குண்டு பட்ட தழும்புகள் இன்றும் தெரியும். மற்றொன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி. அதன் வேர் 1854-இல் தொடங்கிய அயர்லாந்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பழம்பெருமை இருக்கட்டும். பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 'ஆங்கிலவழி மருத்துவம்' என்ற விளம்பரச் சொல் வகுப்பறையை மட்டுமே குறிக்கும். வார்டில் பேசும் மொழியை அது சொல்வதில்லை.

ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் சில ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கின்றன. செக் நாட்டுப் பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகம் 1348-இல் தோன்றியது. போலந்தின் கிராக்கோவ் நகரில் உள்ள யாகியெல்லோனியப் பல்கலைக்கழகம் 1364-இல் தோன்றியது. பாடமும் தேர்வும் ஆங்கிலம்தான். ஆனால், கட்டிலில் படுத்திருக்கும் கிராக்கோவ் பாட்டிக்கு வலி போலந்து மொழியில்தான் வரும். அதனால்தான் அங்கே வெளிநாட்டு மாணவர்கள் மருத்துவத்தோடு உள்ளூர் மொழியையும் படிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி ஆண்டுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெரிய வசதி இதுதான். பிற்காலத்தில் யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாரோ அதே மக்களிடம் மாணவர் தொழில் பழகுகிறார்.

ஆனாலும் இங்கே சிக்கல் தீர்ந்துவிடவில்லை. டப்ளினில் ஆங்கிலத்தில் கேட்கப் பழகிய கேள்விகளைப் பினாங்கு வார்டில் மலாயிலும் ஹொக்கியனிலும் தமிழிலும் கேட்க வேண்டும். "மாசோக் ஆஙின்" என்று மலாய் அம்மா சொல்வதும், "வாயு பிடிச்சிக்கிச்சு" என்று நம் தாத்தா சொல்வதும் ஆங்கிலப் பாடநூலில் இருக்காது. நெஞ்சு கரிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்பவை மூன்று வேறு தொல்லைகள். முதலாவது வயிற்றுப் புளிப்பாக இருக்கலாம். இரண்டாவது மாரடைப்பாக இருக்கலாம். மூன்றையும் 'நெஞ்சு வலி' என்று ஒரே வரியில் யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் டாக்டர் எதைச் சோதிப்பார்?

இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய். இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. கால் மரத்துப்போகிறதா, எரிகிறதா, மதமதவென்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதற்கு மொழி வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மருத்துவம் போகும் பிள்ளைக்கு இது கைமுதல். பலர் அதை அப்படி நினைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

மருத்துவத்தையே தமிழில் கற்பித்த காலமும் இருந்தது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழில் பாடம் எடுத்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அந்த முயற்சி நிலைக்கவில்லை. இன்று யாரும் அதைக் கேட்கப்போவதும் இல்லை. ஆங்கிலத்தில் படிப்பதில் குறையும் இல்லை.

அடுத்து அங்கீகாரம். வெளிநாட்டுப் பட்டம் 1971 மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறதா என்று மலேசிய மருத்துவ மன்றத்திடம் சரிபார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகத்தில் படித்தவர் திரும்பி வந்ததும் தனியாகத் தகுதித் தேர்வு எழுத வேண்டிவரும். கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை 2005-இல் மலேசியா விலக்கிக்கொண்டபோது பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்த இந்தியக் குடும்பங்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அங்கேயும் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. முகவர் காட்டும் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

பட்டம் வாங்கியதும் தனியே கிளினிக் திறந்துவிட முடியாது. மருத்துவமனையில் இரண்டாண்டு ஹவுஸ்மேன் பயிற்சி கட்டாயம். அந்த நியமனமும் 2016 டிசம்பர் முதல் ஒப்பந்த அடிப்படையில்தான். அதற்கு எஸ்பிஎம் மலாய்மொழித் தகுதியும் கேட்பார்கள். அனைத்துலகப் பள்ளியில் படித்து எஸ்பிஎம் எழுதாமல் வெளிநாடு போகும் பிள்ளைகள், புறப்படுவதற்கு முன்பே அந்த ஒரு தாளை எழுதி முடித்துவிடுவது நல்லது.