ஆட்டம் தெரிந்த விரல்

பள்ளி ஆண்டு விழாவில் மகள் ஆடுவதைப் போனில் எடுத்த தூத்துக்குடிப் பெற்றோர் எல்லோரிடமும் அந்தப் படம் இருக்கும். முகம் வெளிறிப்போய், கை இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலான ஒரு கோடு.

கொஞ்சம் கணக்குப் போடலாம். வீசும் கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் கை 5 செ.மீ. நகர்ந்துவிடும். 1/500 நொடி என்றால் 6 மி.மீ.தான். ஆனால் உள்ளே வரும் வெளிச்சமும் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஈடுகட்ட லென்ஸ் துளையை அகலத் திறக்க வேண்டும், ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்றப் படம் பொரிபொரியாகும். ஃபிளாஷ் போட்டால் ஆடுபவருக்குக் கண் கூசும். ஒளியமைப்பாளர் பார்த்துப் பார்த்துச் செய்த நிழலும் போய்விடும்.

இன்னொரு சிக்கல் கறுப்புத் திரை. படத்தின் பெரும்பகுதி இருட்டாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுகிறது, முகம் சுண்ணாம்பாகிறது. அளவை முகத்தில் மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

குதிப்பில் ஒரு சலுகை உண்டு. உச்சியில் உடலின் மேல்நோக்கிய வேகம் பூஜ்யம். உச்சிக்குக் கீழே 5 செ.மீ. தூரத்துக்குள் உடல் ஏறி இறங்கச் சுமார் 0.2 நொடி ஆகிறது. எவ்வளவு உயரம் குதித்தாலும் இதே கணக்குதான். அந்தரத்தில் நிற்பதாக நமக்குத் தோன்றுவது அதனால்தான். ஆனால் கண் பார்த்து விரல் அழுத்தவும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். பார்த்த பிறகு அழுத்தினால் ஆள் தரையில் இருப்பார். தாளத்தை எண்ணி, முன்கூட்டியே அழுத்த வேண்டும். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவுக்குக்கூட அந்த 0.2 நொடியில் இரண்டே படம்தான். நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் உதைத்துச் சுழல்வதைப் புகைப்படக்காரர் பார்பரா மார்கன் 1940-ல் எடுத்த புகழ்பெற்ற படமோ நிகழ்ச்சியில் எடுத்ததே அல்ல. ஆட்டத்தைத் தெரிந்துகொண்டு, தன் ஸ்டூடியோவில், தன் விளக்குகளோடு எடுத்தது.

இந்தக் கணக்கெல்லாம் சென்னையில் சந்திரலேகாவின் படைப்புகளுக்கு முன்னால் அவ்வளவாகச் செல்லாது. பரதநாட்டியம், களரி, யோகம் மூன்றையும் உரசவிட்டு நவீன நடனம் செய்தவர் அவர். 2001-ல் அரங்கேறிய ‘சரீரா’வில் திஷானி தோஷியும் களரி வீரர் ஷாஜி ஜானும் ஆடினார்கள், குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை. குதிப்பு, தாளக்கட்டை முடிக்கும் தீர்மானம் என்று காத்திருக்க அங்கே எதுவும் இல்லை. ஒரு கால் மேலெழுந்து விரிவதற்கே வெகுநேரம் ஆகும். ஷட்டரை 1/60-க்குக்கூட இறக்கலாம், கை கலங்காது. என்னைக் கேட்டால் இதுதான் கடினம். எந்த நொடியும் எடுக்கத் தக்கதாக இருக்கும்போது எதை எடுப்பது? முதுகின் ஓரத்தில் விழும் ஒளி எப்போது தோள்பட்டை எலும்பைத் தாண்டுகிறது, மூச்சு எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டியிருக்கும். அவருடைய படைப்புகளுக்கு ஒளியமைத்த சதானந்த் மேனன் புகைப்படக்காரரும்கூட என்பது இங்கே கவனிக்கத் தக்கது. வெளிச்சம் அடுத்து எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் ‘டக்’ சத்தமே இல்லாத ஷட்டர் உண்டு. அமைதியான நடனத்துக்கு வரம்தான், ஆனால் எல்இடி விளக்குகளோடு அதற்கு ஒத்துப்போவதில்லை. சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அந்த விளக்குகளில் பல அணைந்து எரிகின்றன. படத்தில் குறுக்கே பட்டை விழும். உடையும் விளக்கும் முழுதாகப் போட்டு நடக்கும் கடைசி ஒத்திகைக்கே போய்விட்டால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சத்தமுள்ள ஷட்டரையும் அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம், முறைக்கப் பக்கத்து இருக்கையில் ஆள் இருக்க மாட்டார்.