மலையிறக்கமும் பிரேக்கும்

விரைந்தோடும் காரை ஓட்டுநரின் ஒரு கால் நிறுத்திவிடுகிறது. இஃது எங்ஙனம் இயலும்? மூடிய கலத்திலுள்ள நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தின், அவ்வழுத்தம் குறையாது எங்கும் பரவும். இவ்வுண்மையைக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662). பிரேக்கு மிதி சிறிய உந்தியைத் தள்ள, குழாயிலுள்ள எண்ணெய் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களிலுள்ள பெரிய உந்திகளுக்குக் கொண்டு செல்கிறது. ஆங்கு விசை பன்மடங்காகிச் சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கிறது.

நீர்மம் எளிதிற் சுருங்காது, காற்றோ சுருங்கும். ஆகவே, குழாயினுட் காற்றுப் புகுந்தால் மிதி பஞ்சுபோல் அமிழும். 'டாட் 3' எனப்படும் பிரேக்கு எண்ணெய், புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசு வரை கொதியாது. ஆயினும், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகுந்தால் 140 பாகை அளவிலேயே கொதித்து ஆவியாதல் கூடும். நெடிய மலையிறக்கத்தில் பிரேக்கை ஓயாது மிதிப்பின், இவ்வாறே அது சூடேறிப் பயனற்றுப் போகும்.

ஆதலின், இறக்கத்தில் தாழ்ந்த கியரிற் செல்லுதல் வேண்டும். அப்பொழுது எஞ்சினே வண்டியின் வேகத்தை அடக்கும். ஆங்குக் கிளச்சை மிதித்தபடியே செல்லலாகாது. செல்லின், எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் உள்ள தொடர்பு அறுந்து, சுமை முழுவதும் பிரேக்கின்மீதே விழும். ஏறிய கியரிலேயே இறங்குதல் நல்லோட்டுநர் மரபு. மிதி தளர்வதை உணர்ந்த அன்றே வண்டியைச் செப்பம் செய்தல், தம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கும் கடமையாகும்.