வில்லுக்கத்திக்கு வயது சொல்லும் முத்திரை

எருக்கலம்பிட்டியில் எங்கள் மூத்தாப்பாவிடம் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. பாக்குச் சீவுவதும் அதனால்தான், வலைக்கயிறு அறுப்பதும் அதனால்தான். மூத்தாப்பாவுக்குப் பின் அது வாப்பாவின் கைக்கு வந்தது. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டபோது வீட்டையும் கடையையும் கடையிலிருந்த சாமான்களையும் அப்படியே விட்டுவிட்டு வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினோம். அன்று வாப்பாவின் இடுப்புப் பட்டிக்குள் அந்தக் கத்தி இருந்தது. ஊரிலிருந்து எங்களோடு வந்த ஒரேயொரு பழைய பொருள் அதுதான்.

"இது சலாபத்துக் கத்தி. கவனமாக வைத்துக்கொள்" என்று வாப்பா சொல்வார். முத்துக்குளிப்பை எங்கள் பக்கத்தில் சலாபம் என்றுதான் சொல்வார்கள். சலாபம் என்றதும் எல்லோரும் சொல்வது 1905ஆம் ஆண்டைத்தான். மன்னார்க் கடலில் அந்த ஒரே பருவத்தில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. வெறும் மணல்வெளியில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழுந்தது. பல தேசத்து வியாபாரிகளும் அங்கே கடை விரித்தார்கள். எங்கள் கத்தியும் அங்கே வாங்கியதுதான் என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தோம்.

வாப்பா மௌத்தான பின்னர் கத்தி என்னிடம் வந்தது. யுத்தம் முடிந்து ஊரில் மீளக் குடியேறும் காலம் வந்தது. எருக்கலம்பிட்டி வீட்டில் நான்கு சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. கூரை போடப் பணம் வேண்டும். அந்த நேரத்தில்தான் புத்தளத்தில் எனது இரும்புச் சாமான் கடைக்கு நண்பர் ஒருவர் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கத்தியைப் புரட்டிப் பார்த்தார். கதையைக் கேட்டார். "40 ஆயிரம் ரூபா தருகிறேன். ஆனால் இது 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் வாங்கியது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்" என்றார். ஒரு வாரம் தவணை கேட்டேன்.

கையெழுத்து என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கடையில் ஆணி விற்றாலும் எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லித்தான் விற்கிறோம். அளக்காத ஒன்றை எப்படி எழுதிக் கொடுப்பது? அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்தவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முத்திரை எங்கே இருக்கிறது?

கத்தியை முழுவதுமாக விரியுங்கள். அலகு பிடியோடு சேரும் இடத்தில், கூர் தீட்டப்படாத தடித்த பகுதி ஒன்று இருக்கும். உற்பத்தியாளரின் பெயர், ஊர், அடையாளச் சின்னம் எல்லாம் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். அலகின் இரு பக்கங்களையும் பாருங்கள். இரண்டு மூன்று அலகுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியும், சரிவாக விழும் வெளிச்சமும் இருந்தால் போதும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கத்தி செய்வோருக்கென்று 1624ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. தொழிலாளி ஒருவர் ஒரு சின்னத்தைப் பதிவு செய்துவிட்டால் அதை இன்னொருவர் குத்தக்கூடாது. எங்கள் கத்தியில் இருந்தது ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டாச் சிலுவையும். அது ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தின் சின்னம். 1764 முதல் அந்தக் குடும்பம் அதைப் பாவித்து வந்தது. 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்காக 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டிய நிறுவனம் இது. இலங்கையில் அதன் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தது என்றால், ரொட்ஜர்ஸ் என்ற பெயரே திரிந்து, மிக உயர்ந்த தரத்தைக் குறிக்கும் சொல்லாகச் சிங்களத்தில் வழங்கியதாக ஷெஃபீல்ட் கத்திகளின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு வியாபாரப் பெயருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறென்ன வேண்டும்?

கிரீடமும் இரண்டு எழுத்துகளும்

ரொட்ஜர்ஸ் நிறுவனத்துக்கு 1822இல் அரச குடும்பத்துக்குக் கத்தி வழங்கும் உரிமை கிடைத்தது. அதிலிருந்து அவர்கள் ஆட்சியிலிருந்த மன்னரின் முதலெழுத்துகளைக் கிரீடத்தோடு சேர்த்துக் குத்தினார்கள். வயது கணிப்பதற்கு இதுவே நல்ல சாவி.

'டபிள்யூ.ஆர்.' என்றிருந்தால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. 'வீ.ஆர்.' என்றால் விக்டோரியா மகாராணி, 1837 முதல் 1901 வரை. 'ஈ.ஆர்.' என்றால் பெரும்பாலும் ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. 'ஜீ.ஆர்.' என்றால்தான் சிக்கல். 1830க்கு முந்திய நான்காம் ஜோர்ஜும் உண்டு, 1910 முதல் 1936 வரை ஆண்ட ஐந்தாம் ஜோர்ஜும் உண்டு, 1936 முதல் 1952 வரை ஆண்ட ஆறாம் ஜோர்ஜும் உண்டு. கத்தியின் மற்ற அடையாளங்களைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். மன்னர் மாறிய மறுநாளே பழைய அச்சை எவரும் தூக்கி எறிவதில்லை. ஆகவே சில வருடங்கள் முன்பின் விட்டுக் கணிப்பதே நியாயம்.

எங்கள் கத்தியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். தேய்ந்துபோன கிரீடம். அதன் அருகே 'ஜீ.ஆர்.'. என் மனம் இருந்த இடத்தில் இல்லை. 1905இல் ஆண்டவர் எட்வர்ட். அந்தச் சலாபத்தில் விற்ற கத்தியில் ஐந்தாம் ஜோர்ஜின் எழுத்து இருக்க வழியே இல்லை.

நான்காம் ஜோர்ஜ் காலத்தது என்றால் இன்னும் பழையதல்லவா, இன்னும் விலை கூடுமல்லவா என்று ஆசை ஒரு நிமிடம் இழுத்தது. ஆனால் அலகில் 'இங்கிலாந்து' என்ற சொல்லும் இருந்தது. அந்த ஆசையும் அதோடு முடிந்தது.

நாட்டின் பெயர் சொல்லும் கதை

அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த தீர்வைச் சட்டம், அங்கு இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891இல் இது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் 'இங்கிலாந்து', 'ஜேர்மனி' என்ற சொற்கள் அலகுகளில் வழக்கமாக இடம்பிடித்தன. எனவே நாட்டின் பெயர் இருந்தால் கத்தி பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. ஆனால் பெயர் இல்லை என்பதற்காக அது 1890க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது அல்லவா?

பிரித்தானியாவில் 1887ஆம் ஆண்டிலேயே வியாபாரக் குறிகள் சட்டம் ஒன்று வந்தது. வெளிநாட்டுக் கத்திகளில் ஷெஃபீல்ட் என்று பொய்யாகக் குத்தி விற்கிறார்கள் என்ற கூக்குரலும் அதற்கு ஒரு காரணம். போலி இன்று நேற்று வந்த வியாதியல்ல. எழுத்துக் கூட்டலில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் கையிலெடுத்த கத்தியைக் கீழே வையுங்கள்.

ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளில் இரட்டையர் உருவம் இருந்தால் அது ஹென்கல்ஸ் நிறுவனத்துடையது. 1731இல் பதிவான சின்னம் அது. 'மேற்கு ஜேர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. சுவிஸ் நாட்டுச் சிவப்புக் கத்தியில் 'விக்டோரினொக்ஸ்' என்ற பெயர் 1921க்கு முன் இராது. 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் எந்த ஷெஃபீல்ட் அலகில் இருந்தாலும் அது 1913க்குப் பிந்தியது. கறள் பிடிக்காத உருக்கை ஹரி பிரியர்லி அங்கே கண்டுபிடித்தது அந்த வருடத்தில்தான்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்துப் படைக் கத்திகளும் நம் பக்கத்து வீடுகளில் கிடப்பதுண்டு. கயிற்று முடிச்சவிழ்க்கும் தடித்த ஊசியும், அகன்ற அம்புக்குறியும் அவற்றின் அடையாளம். அம்புக்குறி பிரித்தானிய அரசின் உடைமை என்பதைக் காட்டும். பலவற்றில் 1942, 1943 என்று ஆண்டே குத்தப்பட்டிருக்கும்.

பழம் வெட்டும் வெள்ளிக் கத்தி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஷெஃபீல்டில் 1773 முதல் வெள்ளியைச் சோதித்து முத்திரையிட்டார்கள். நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தையும், கிரீடம் ஊரையும் குறிக்கும். கூடவே வருடத்துக்கு ஓரெழுத்து இருக்கும். அந்த எழுத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால் ஒரே ஆண்டுக்குள் வயதைச் சொல்லிவிடலாம். அரசரின் தலையுருவமும் இருந்தால் 1890க்கு முந்தியது. அந்த வருடத்தோடு வெள்ளிக்கான வரி நீங்கி, தலை முத்திரையும் நின்றுவிட்டது.

பிடியையும் பாருங்கள்

மான்கொம்பு, மாட்டெலும்பு, எருமைக்கொம்பு, யானைத் தந்தம், சிப்பி ஓடு எனப் பிடிகள் பலவிதம். சிப்பிப் பிடியைக் கண்டதும் "இது நம்ம மன்னார்ச் சிப்பி" என்று சொல்லிவிடாதீர்கள். நமது முத்துச் சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. கத்திப் பிடிக்கு வேறு கடல்களின் பெரிய, தடித்த சிப்பியே போனது. தந்தப் பிடி என்றால் இன்னும் கவனம் தேவை. 1989இல் எடுக்கப்பட்ட சர்வதேசத் தீர்மானத்துக்குப் பின்னர் தந்தத்தை எல்லை கடந்து விற்பது பெரும் வில்லங்கம்.

கடிதத்தில் எழுதியது

ஒரு வாரத்தின் முடிவில் எனது மூத்த சாச்சாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "1905 என்று உனக்கு யார் சொன்னது? அப்போது உன் மூத்தாப்பா பிறந்தே இருக்க மாட்டார். அவர் சின்னப் பையனாக வாப்பாவோடு போனது கடைசிச் சலாபத்துக்கு" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். 1925இலும் சலாபம் நடந்தது. அப்போது ஆண்டவர் ஐந்தாம் ஜோர்ஜ். வாப்பா ஒருநாளும் 1905 என்று சொன்னதில்லை, சலாபம் என்று மட்டுமே சொன்னார். ஆண்டைச் சேர்த்தவர்கள் நாங்கள்தான். முத்திரை எங்கள் கதையைப் பொய்யாக்கவில்லை, நாங்கள் ஒட்டிய 20 வருடங்களை மட்டும் கழற்றியது.

ஆனாலும் 1925 என்று எழுதிக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. முத்திரை ஒரு காலத்தின் எல்லையைக் காட்டும், எந்தக் கடையில் எந்த நாளில் வாங்கியது என்பதைக் காட்டாது. ஆகவே கடிதத்தில் இப்படி எழுதினேன்: "ரொட்ஜர்ஸ் கத்தி. முத்திரையின்படி 1910க்கும் 1952க்கும் இடைப்பட்டது. முத்துக்குளிப்பில் வாங்கியது என்பது எங்கள் குடும்பத்தார் சொல்வது. அதற்கு எழுத்துச் சான்று இல்லை."

சேகரிப்பாளர் வாசித்தார். 40 ஆயிரம் 15 ஆயிரமாக இறங்கியது. அவர்மேல் குறை இல்லை. அந்தக் கடிதத்துக்கு அதுதான் விலை. நான் கத்தியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். கூரைக்குக் கடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். ஒரு வருடம் பிந்தியது. அதே சேகரிப்பாளர் மறுவருடம் வேறு இரண்டு கத்திகளை என்னிடம் வாங்கினார். இந்தமுறை அவர் கடிதம் கேட்கவில்லை.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்

பழைய கத்தி கையில் கிடைத்தால் மண்கடதாசி போட்டுத் தேய்க்காதீர்கள், சாணை பிடிக்காதீர்கள். கறளோடு முத்திரையும் போய்விடும். முத்திரை போனால் வயது போகும், வயது போனால் விலையும் போகும். மெல்லிய துணியில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி விட்டுத் துடைத்தால் போதும். நமது உப்புக் காற்றுக்கு மாதம் ஒருமுறை இது அவசியம். தோல் உறைக்குள் நீண்டகாலம் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுக்கும்.

வாங்கும்போது அலகு எத்தனை தரம் தீட்டப்பட்டுத் தேய்ந்திருக்கிறது, வில்லு உறுதியாக நிற்கிறதா, எல்லா அலகுகளிலும் ஒரே நிறுவனத்தின் முத்திரைதானா என்று பாருங்கள். அலகு மாற்றப்பட்டிருந்தால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துகள் சட்டம் இருப்பதை மறவாமல், முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்கவே கூடாது.

இன்னுமொன்று. கத்தி யாருடையது, எங்கே வாங்கியது என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். எங்கள் மூத்த சாச்சா இன்று இல்லை. அந்த ஒரு வாரத்தில் நான் அவரிடம் போகாதிருந்தால், கடைசிச் சலாபத்துக்குப் போன அந்தச் சின்னப் பையனின் கதை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.